ஆறாவது முகம் எங்கே போனது?
கேட் மென்பொருளில் ஒரு வழுவும் அதன் தீர்வும்



கைப்பேசியில் ஒரு செயலியைப் புதுப்பிக்கும்போது, "புதிய வசதிகள் சேர்க்கப்பட்டுள்ளன, வழுக்கள் களையப்பட்டுள்ளன" என்று ஒரு வரி வரும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே கடந்துவிடுகிறோம். ஆனால், இயந்திரங்களையும் கட்டடங்களையும் விமானங்களையும் வடிவமைக்கும் மென்பொருளில் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு மறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் பெரும் இழப்பைச் சந்தித்ததும் உண்டு.

இந்த வாரம் ஒரே ஒரு வழுவைப் பின்தொடர்ந்து பார்ப்போம். கணினியில் 'பக்' என்று நாம் சொல்லும் பிழைக்குத்தான் தமிழில் வழு என்று பெயர். இந்த வழு பிரீகேட் என்னும் இலவச வடிவமைப்பு மென்பொருளில் நீண்ட காலம் இருந்தது. அது எப்படிப் பிறக்கிறது, எப்படித் திருத்தப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், எந்தக் கேட் மென்பொருளையும் பயன்படுத்துவது உங்களுக்கு எளிதாகும்.

மலாக்கா மாணவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 1996-இல் யூனிவர்சிட்டி டெலிகோம் என்ற பெயரில் தோன்றிய பல்கலைக்கழகம் அது. அங்கே பொறியியல் கற்பிக்கப்படுகிறது. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூதெம் இருக்கிறது. பத்து பெரண்டாமில் உள்ள சிடிஆர்எம் தொழிற்சாலையில் ஏர்பஸ் விமானங்களின் இறக்கைகளுக்கான கூட்டுப்பொருள் பாகங்கள் தயாராகின்றன. இந்த இடங்களில் படிக்கவோ வேலை செய்யவோ விரும்புகிறவர் கேட் மென்பொருளைத் தொடாமல் இருக்க முடியாது.

படமா? சமையல் குறிப்பா?

கேட் என்பது கணினிவழி வடிவமைப்பு. இதன் வரலாறு 1963-இல் தொடங்குகிறது என்று சொல்லலாம். அந்த ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆய்வாளர் தம் முனைவர் பட்டத்திற்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப் பேனாவால் திரையில் கோடு வரையலாம். "இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும்" என்று கட்டளையிட்டால், கணினியே அவற்றைச் சரிசெய்துவிடும். கணினி வெறும் காகிதமாக இல்லாமல், வரைபவரின் நோக்கத்தையும் நினைவில் வைத்துக்கொண்டது அதுவே முதன்முறை.

1980-களின் பிற்பகுதியில் அடுத்த பாய்ச்சல் நிகழ்ந்தது. சாமுவேல் கைஸ்பெர்க் என்ற கணிதவியலாளர் தொடங்கிய நிறுவனம் 'புரோ/எஞ்சினியர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. அது முப்பரிமாண மாதிரியை ஒரு படமாக மட்டும் சேமிக்கவில்லை. அந்த மாதிரி எப்படி உருவானது என்ற படிகளையும் வரிசையாகச் சேமித்தது.

வித்தியாசத்தை இப்படிப் பாருங்கள். சுட்ட கேக்கின் புகைப்படம் உங்களிடம் இருந்தால், "சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்போம்" என்று சொல்ல முடியாது. அந்தக் கேக்கின் சமையல் குறிப்பு இருந்தால், இரண்டாம் வரியில் சர்க்கரை அளவை மாற்றிவிட்டு மீண்டும் செய்யலாம். இன்றைய சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், ஃபியூஷன், பிரீகேட் ஆகிய எல்லாமே சமையல் குறிப்பு வகையைச் சேர்ந்தவை. ஓர் அளவை மாற்றினால், அதன் பிறகு வரும் எல்லாப் படிகளையும் மென்பொருள் தானே மறுபடி செய்யும். ஆர்பிடி பாடத்தில் பலர் பயன்படுத்தும் ஸ்கெட்ச்அப் அப்படிப்பட்டது அன்று. அதில் வடிவத்தை நேரடியாக இழுத்தும் தள்ளியும் மாற்றுகிறோம், படிகள் சேமிக்கப்படுவதில்லை.

சமையல் குறிப்பு முறையில் பெரும் வசதி இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் வழுவும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு சாவிமாட்டி செய்வோம்

சுவரில் பொருத்தும் சாவிமாட்டி ஒன்றை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: 60 மி.மீ. நீளமும் 40 மி.மீ. அகலமும் உள்ள செவ்வகம் வரைகிறோம்.

படி 2: அதை 10 மி.மீ. உயர்த்துகிறோம். ஒரு பலகை கிடைக்கிறது.

படி 3: பலகையின் மேல் முகத்தைச் சொடுக்கி, அதன் நடுவில் 8 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வரைகிறோம்.

படி 4: வட்டத்தை 25 மி.மீ. உயர்த்துகிறோம். சாவி தொங்குவதற்கான முளை தயார்.

வடிவம் சரியாக இருக்கிறது. வீட்டில் மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதுதான் சுவரில் விளக்குப் பொத்தான் இருப்பது தெரிகிறது. பலகையின் ஒரு மூலையை வெட்ட வேண்டும். கவலையில்லை, நம்மிடம் சமையல் குறிப்பு இருக்கிறதே! படி 1-க்குத் திரும்பிச் சென்று, செவ்வகத்தின் ஒரு மூலையை வெட்டி 'எல்' வடிவமாக்குகிறோம். மற்ற படிகளை மென்பொருளே மறுபடி செய்கிறது.

திரையைப் பார்த்தால் அதிர்ச்சி! மேலே நிற்க வேண்டிய முளை, பலகையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. முளையை நாம் தொடவே இல்லை. பிறகு ஏன் அது இடம் மாறியது?

எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்

தமிழ்ப்பள்ளியில் கனச்செவ்வகத்தின் மேற்பரப்பு, விளிம்பு, முனை ஆகியவற்றை எண்ணியது நினைவிருக்கிறதா? கேட் மென்பொருளும் அதையேதான் செய்கிறது. ஒரு திடப்பொருளை முனைகள், விளிம்புகள், முகங்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இடுகிறது.

நம் பலகைக்கு 8 முனைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள். சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இங்கே பொருந்துகிறது:

முனை – விளிம்பு + முகம் = 2
8 – 12 + 6 = 2

மூலையை வெட்டி 'எல்' வடிவமாக்கிய பிறகு 12 முனைகள், 18 விளிம்புகள், 8 முகங்கள்.

12 – 18 + 8 = 2

விதி மாறவில்லை, ஆனால் எண்ணிக்கை மாறிவிட்டது. வழு இங்கேதான் பிறக்கிறது. மென்பொருள் முதலில் பக்க முகங்களுக்கு எண் இட்டு, பிறகு அடி முகத்திற்கும், கடைசியாக மேல் முகத்திற்கும் எண் இடுவதாகக் கொள்வோம். செவ்வகப் பலகையில் பக்க முகங்கள் 1 முதல் 4 வரை, அடி முகம் 5, மேல் முகம் 6. படி 3-இல் நாம் மேல் முகத்தைச் சொடுக்கியபோது, "வட்டம் 6-ஆம் முகத்தில் இருக்கிறது" என்று மென்பொருள் குறித்துக்கொண்டது.

'எல்' வடிவத்தில் பக்க முகங்கள் 1 முதல் 6 வரை, அடி முகம் 7, மேல் முகம் 8. மென்பொருள் தன் குறிப்பைப் படிக்கிறது: "வட்டம் 6-ஆம் முகத்தில்." அது சொன்னபடியே செய்கிறது. ஆனால் இப்போது 6-ஆம் முகம் ஒரு பக்கச் சுவர்!

தோட்டத்து லயத்தில் தபால்காரர் 'ஐந்தாவது வீடு' என்ற ஒரே அடையாளத்தை வைத்துக் கடிதம் கொடுப்பதாக எண்ணிப் பாருங்கள். மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வீடு எழுந்தால், பழைய ஐந்தாவது வீடு ஆறாவதாகிவிடும். கடிதம் அடுத்த வீட்டுக்குப் போகும். இதில் தபால்காரர் மீது குற்றமில்லை. அடையாளம்தான் தவறானது.

வடிவமைப்பு உலகில் இதற்கு இடவியல் பெயரிடல் சிக்கல் என்று பெயர். 'எந்த முகம்?' என்ற கேள்விக்கு நிலையான பெயர் கொடுக்க முடியாததால் வரும் சிக்கல் இது. படிகளைச் சேமிக்கும் எந்தக் கேட் மென்பொருளும் இதை ஏதாவது ஒரு வழியில் தீர்த்தாக வேண்டும். விலை கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்கள் தத்தம் வழியில் இதைச் சமாளித்து வந்தன. பிரீகேட்டில் மட்டும் அது நீண்ட காலம் பயனர்களைப் படுத்தியது.

தீர்வு: பெற்றோர் பெயரைச் சேர்

நம் அடையாள அட்டையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஏ/எல் அல்லது ஏ/பி என்று போட்டுத் தந்தையின் பெயர் இருக்கும். ஒரே ஊரில் மூன்று குமார்கள் இருந்தாலும், இன்னாரின் மகன் என்று சொன்னால் குழப்பம் தீரும். வரிசையில் எத்தனையாவது ஆளாக நின்றாலும் அந்தப் பெயர் மாறாது.

பிரீகேட்டின் தீர்வும் அதே வழியில் சென்றது. ஒரு முகத்தை '6' என்ற எண்ணால் மட்டும் அழைக்காமல், அதன் பிறப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது. "முதல் கோட்டுப்படத்தை உயர்த்தியபோது உச்சியில் பிறந்த முகம்" என்பது ஒரு பெயர். "முதல் கோட்டுப்படத்தின் இரண்டாம் கோட்டிலிருந்து பிறந்த பக்க முகம்" என்பது இன்னொரு பெயர். விளிம்புக்கும் அப்படியே: "இந்த முகமும் அந்த முகமும் சந்திக்கும் விளிம்பு." வடிவம் மாறியதும் மென்பொருள் இந்த வம்சாவளியை ஒப்பிட்டுப் பார்த்து, பழைய முகத்தின் உண்மையான வாரிசைத் தேடுகிறது. எண் 6 ஆனாலும் 8 ஆனாலும் முளை மேல் முகத்திலேயே நிற்கிறது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் செய்வது எளிதாக இல்லை. ரியல்தண்டர் என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர், பிரீகேட்டின் நிரலை எடுத்துத் தனிக் கிளையாக வளர்த்து, இந்தத் தீர்வைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதில் எழுதிக் காட்டினார். தனிக் கிளையில் வேலை செய்ததை மூல மென்பொருளில் இணைப்பது வேறு சவால். துளையிடுதல், விளிம்பை வளைத்தல், இரண்டு பொருள்களை ஒன்றாக்குதல் என ஒவ்வொரு கருவியும் தன் வேலையை முடித்ததும், எந்த முகம் எதிலிருந்து பிறந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு கருவி சொல்லத் தவறினாலும் வம்சாவளி அறுந்துவிடும். ஆகவே, பல நிரலாளர்கள் சேர்ந்து பகுதி பகுதியாக இணைத்துச் சோதித்தார்கள்.

2002 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்த பிரீகேட், 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள்! இந்தச் சிக்கலைத் தணிப்பதும், பல பாகங்களைப் பொருத்திப் பார்க்கும் வசதியை உள்ளேயே தருவதும் நிறைவேறிய பிறகுதான் 1.0 என்று அழைப்போம் என்று அந்தக் குழு உறுதியாக இருந்தது. ஒரு வழுத்திருத்தமும் ஒரு புதிய வசதியும் அந்த எண்ணுக்கான நுழைவுச்சீட்டாக அமைந்தன.

இருந்தாலும், சிக்கல் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. தணிக்கப்பட்டது என்றே சொன்னார்கள். காரணம் இருக்கிறது. முகம் பிறந்த கோட்டையே நீங்கள் அழித்துவிட்டால், மென்பொருள் யாரை வாரிசாகக் காட்டும்? ஒரு விளிம்பு இரண்டாகப் பிளந்தால், எந்தத் துண்டு பழைய விளிம்பு? மனிதருக்கே விடை தெரியாத இடங்களில் கணினி ஊகிக்கத்தான் முடியும்.

பதிப்பு எண்ணைப் படிப்பது எப்படி?

பல மென்பொருள்களில் பதிப்பு எண் மூன்று பகுதிகளாக இருக்கும். முதல் எண் மாறினால் பெரிய மாற்றம். நடு எண் மாறினால் புதிய வசதிகள். கடைசி எண் மாறினால் பெரும்பாலும் வழுத்திருத்தம் மட்டுமே. 1.0-க்குப் பிறகு 2025-இல் வந்த 1.0.1, 1.0.2 ஆகிய இரண்டும் அப்படிப்பட்ட வழுத்திருத்தப் பதிப்புகள்.

வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் பயன்படுத்தும் கருவியில் ஏதேனும் மாறியிருக்கிறதா? என்னைத் தொல்லைப்படுத்திய வழு திருத்தப்பட்டிருக்கிறதா? என் பழைய கோப்பு புதிய பதிப்பில் திறக்குமா. புதிய கோப்பு நண்பரின் பழைய பதிப்பில் திறக்குமா? மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். அதைச் சரிவரக் கேட்காததன் விலையை உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானம் காட்டியது.

இரண்டு பதிப்புகள், ஒரு விமானம்

ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பாகங்கள் ஐரோப்பாவின் பல நாடுகளில் செய்யப்பட்டு, பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒரு விமானத்தில் மட்டும் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் நீள மின்கம்பிகள். ஜெர்மனியின் ஹாம்பர்க் குழுவினர் காத்தியா என்ற கேட் மென்பொருளின் 4-ஆம் பதிப்பைப் பயன்படுத்தினர். துலூஸ் குழுவினரோ 5-ஆம் பதிப்புக்கு மாறியிருந்தனர். பெயர் ஒன்றானாலும் 5-ஆம் பதிப்பு முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் செல்லும்போது எல்லா விவரமும் அப்படியே போய்ச் சேரவில்லை.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பிக் கட்டுகளைத் துலூஸில் பொருத்தப் போனபோது, சில இடங்களில் நீளம் போதவில்லை. பயணிகள் அறையின் அமைப்பை ஒவ்வொரு விமான நிறுவனமும் வெவ்வேறாகக் கேட்டதும், அலுமினியக் கம்பியைச் செப்புக் கம்பி போல் வளைக்க முடியாததும் சிக்கலை இன்னும் பெரிதாக்கின. 2006-இல் ஒப்படைக்க வேண்டிய முதல் விமானம், 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குச் சென்றது. இந்தத் தாமதத்தால் 2010 வரையில் 480 கோடி யூரோ லாபம் குறையும் என்று ஏர்பஸின் தாய் நிறுவனம் 2006 அக்டோபரில் மதிப்பிட்டது. நம் மலேசியா ஏர்லைன்ஸ் வாங்கிய ஆறு ஏ380 விமானங்களில் முதலாவது 2012-இல் வந்து சேர்ந்தது.

புதிய பதிப்புக்கு மாறியது தவறு அன்று. பழைய பதிப்பில் இருந்ததும் தவறு அன்று. ஒரே பொருளைச் செய்கிறவர்கள் வெவ்வேறு பதிப்புகளில் இருந்து, இடையில் சரிபார்க்காமல் விட்டதுதான் தவறு.

உங்கள் மேசையில் செய்யக்கூடியவை

1. பிறருடன் சேர்ந்து செய்யும் திட்டப்பணியில், எல்லோரும் ஒரே பதிப்பைப் பயன்படுத்துங்கள். பாதியில் புதுப்பிக்காதீர்கள்.

2. புதுப்பிக்கும் முன் பழைய கோப்பின் நகலைத் தனியே வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் பதிப்பு எண்ணையும் சேருங்கள்.

3. முடிந்தவரை அடிப்படைத் தளங்களின் மேல் வரையுங்கள். நம் சாவிமாட்டியில் மேல் முகத்தைச் சொடுக்குவதற்குப் பதிலாக, "அடித்தளத்திலிருந்து 10 மி.மீ. உயரத்தில்" என்று வட்டத்தை வைத்திருந்தால் பழைய பதிப்பிலும் முளை நகர்ந்திருக்காது.

4. விளிம்புகளை வளைத்து மழுக்கும் வேலையைக் கடைசிப் படியாக வையுங்கள். அது புதிய முகங்களை உண்டாக்கும்.

5. ஓர் அளவை மாற்றிய பிறகு, மாதிரியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முப்பரிமாண அச்சுக்கு அனுப்புங்கள். தவறான மாதிரியையும் அச்சுப்பொறி குறை சொல்லாமல் அச்சடித்துத் தரும். பல மணி நேரமும் பிளாஸ்டிக் இழையும் வீணாவது நமக்குத்தான்.

வழுவைக் கண்டால் என்ன செய்வது?

பிரீகேட் போன்ற திறமூல மென்பொருளில், பயனர் தரும் புகாரே திருத்தத்தின் முதல் படி. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. நல்ல புகார் ஓர் அறிவியல் பரிசோதனை அறிக்கை போன்றது. பிறர் அதே படிகளைச் செய்தால் அதே விளைவு வர வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

பதிப்பு: பிரீகேட் 0.21, விண்டோஸ் 11
செய்த படிகள்: 60 × 40 மி.மீ. செவ்வகத்தை 10 மி.மீ. உயர்த்தினேன். மேல் முகத்தில் வட்டம் வரைந்து உயர்த்தினேன். பிறகு செவ்வகத்தை 'எல்' வடிவமாக்கினேன்.
எதிர்பார்த்தது: முளை மேல் முகத்தில் இருக்க வேண்டும்.
நடந்தது: முளை பக்க முகத்துக்கு மாறியது.
இணைப்பு: கோப்பு, திரைப்படம்.

இந்த ஐந்து வரிகளில் கோபமும் இல்லை, ஊகமும் இல்லை. நிரலாளருக்குத் தேவையான அனைத்தும் இருக்கின்றன.

பயிற்சி

1. பலகையை 'டி' வடிவத்தில் செய்தால் எத்தனை முனைகள், விளிம்புகள், முகங்கள் இருக்கும்? ஆய்லர் விதி பொருந்துகிறதா?

2. அடிப்படைக் கோட்டுப்படத்தில் 'ப' எண்ணிக்கையிலான பக்கங்கள் இருந்தால், நாம் கண்ட எண்ணிடும் முறைப்படி மேல் முகத்தின் எண் என்ன?

3. உங்கள் கணினியில் உள்ள ஏதேனும் ஒரு மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து, அதில் ஒரு புதிய வசதியையும் ஒரு வழுத்திருத்தத்தையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள்.

விடைகள்: (1) 16 முனைகள், 24 விளிம்புகள், 10 முகங்கள்; 16 – 24 + 10 = 2, விதி பொருந்துகிறது. (2) ப + 2. செவ்வகத்தில் 6, 'எல்' வடிவத்தில் 8, 'டி' வடிவத்தில் 10. கோட்டுப்படத்தில் ஒரு பக்கம் கூடினாலே மேல் முகத்தின் எண் மாறிவிடுகிறது. எண்ணை மட்டும் நம்பி ஒரு முகத்தை அடையாளம் காண முடியாது என்பதற்கு இதுவே சான்று. (3) உங்கள் விடையை ஆர்பிடி ஆசிரியரிடம் காட்டுங்கள்.